கசுமினோ வீட்டு நாயோட்டம்

கசுமினோ வம்சம் எதற்காக இருக்கிறது என்று தலைநகரின் அஸாபு மேட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். பேரரசர் வீட்டில் பிள்ளை இல்லாமல் போனால் அரியணைக்கு ஒரு ஆளைக் கொடுப்பதற்கு. அதற்காகவே ஒரு பேரரசரின் ஐந்தாவது மகனுக்கு நிலமும் பெயரும் கொடுத்துத் தனிக் குடித்தனம் வைத்தார்கள். அந்தக் கிளை முந்நூறு வருஷம் தயாராக இருந்தது. ஒரு தடவைகூடக் கூப்பிட்டு ஆள் வரவில்லை. கல்யாண வீட்டு வாசலில் பட்டுடுத்தி நிற்பவனை யாருமே உள்ளே அழைக்காவிட்டால் அவன் பக்கத்தில் நிற்பவன் காலை மிதிப்பான். கசுமினோ இளவரசர்கள் முந்நூறு வருஷமும் அதைத்தான் செய்தார்கள். காலோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

ஷோவா ஒன்பதாம் ஆண்டு, அதாவது 1934 வசந்தத்தில், முந்நூறாம் ஆண்டு விழாவுக்காக வம்ச வரலாறு எழுத முரோய் தெய்சோவை அழைத்துவந்தார்கள். எச்சிகோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். நாற்பத்து நாலு வயது, ஒல்லியான உடம்பு, மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஊர் ஆற்றின் கரை உடைந்து எண்பது பேர் செத்ததைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதில் எந்த அதிகாரியையும் குறை சொல்லவில்லை என்பதுதான் அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

முதல் நாள் வணங்கியபோதே பிடரியில் அடி விழுந்தது. அடித்தவர் மாளிகைக் காரியஸ்தர், பாரன் பட்டக்காரர் இவாமட்சு. அடித்தது இரும்புச் சட்டம் போட்ட விசிறி.

“தப்பா நினைக்காதீங்க வாத்தியாரே. இங்க குனியறதுன்னா நாப்பத்தஞ்சு பாகை. நீங்க முப்பதுலயே நின்னுட்டீங்க. மிச்சத்தை நான் போட்டுக் கொடுத்தேன்.”

“ரொம்ப நன்றிங்க ஐயா” என்றார் தெய்சோ.

பிறகு ஒரு சொற்பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். இளவரசர் சாப்பிடுவதில்லை, அமுது செய்தருள்கிறார். தூங்குவதில்லை, கண்வளர்கிறார். இதெல்லாம் தெய்சோ எதிர்பார்த்ததுதான். நாலாம் பக்கத்திலிருந்து பட்டியல் வேறு திசையில் போயிற்று. இளவரசர் அடிப்பதில்லை, திருக்கரம் சாத்துகிறார். உதைப்பதில்லை, திருவடி பதிக்கிறார். கொல்வதில்லை, விடைகொடுத்தருள்கிறார். கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: ‘அடிக்கடி வரும். எழுதிப் பழகவும்.’

அடிக்கடித்தான் வந்தது. ஆவணப் பெட்டிகளைத் திறக்கத் திறக்க வந்துகொண்டே இருந்தது. முதலாம் இளவரசர் கண்வளர்ந்துகொண்டிருந்தபோது தம்பி அவர் முகத்தில் ஈரக் காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினேழு தாள் ஒட்டி விடைகொடுத்தருளினார். நாலாம் இளவரசரின் கவியரங்கில் விருந்தாளி ஒருவரின் பாட்டில் ஓரசை கூடிவிட்டது. இளவரசர் அதை விருந்தாளியின் கழுத்திலிருந்து எடுத்தார். ஆறாமவர் தன் சித்தப்பாவுக்கு விஷமீனின் ஈரலைத் தன் கையாலேயே ஊட்டிவிட்டு, அவருக்கு முதலில் உதடும் பிறகு விரல்களும் மரத்துப்போவதைப் பார்த்தபடி குளிர்காலம் பற்றி நல்ல கவிதை ஒன்று எழுதினார்.

“ஐயா, இதுவரைக்கும் ஒன்பது இளவரசர் இருந்திருக்காங்க. அதுல ஆறு பேரை அடுத்து வந்தவரே…” என்று இழுத்தார் தெய்சோ.

“விடைகொடுத்திருக்காங்க.”

“ஆமாங்க. அதை எப்படி எழுதறது?”

பாரன் இவாமட்சு விசிறியை மடக்கினார். தெய்சோ பிடரியைத் தடவிக்கொண்டார். ஆனால் பாரன் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார்.

“நல்லாக் கேட்டுக்கோங்க. குடியானவன் வீட்டுல அண்ணனைத் தம்பி கொன்னா அது கொலை. ஏன்? வயலுக்காகக் கொல்றான். இங்க யாரு எதுக்காகச் செஞ்சாங்க? இந்த வீட்டுத் தலைமைக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. உட்கார்ந்திருக்கணும், அவ்வளவுதான். ஒண்ணுமே இல்லாத ஒரு பதவிக்காகக் கூடப்பிறந்தவன் உயிரை எடுக்கறதுக்கு எவ்வளவு சுத்தமான மனசு வேணும்! உங்களுக்கு வருமா? எனக்கு வருமா? அதான் நம்ம ரத்தத்துக்கும் அவங்க ரத்தத்துக்கும் வித்தியாசம். எழுதுங்க, விடைகொடுத்தருளினார்னு.”

தெய்சோ எழுதினார்.

இப்போதைய இளவரசர், பத்தாமவர், மொரோதகா. ஐம்பத்திரண்டு வயது. குதிரைப்படையில் தளபதி. ஒரு போரையும் பார்த்ததில்லை. எல்லையில் துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் அவரைப் பத்திரமாகப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். உதிரிச் சாமானை யாரும் முன்னால் அனுப்புவதில்லை. அதனால் அவர் போரை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். காலையில் காவலர்களுக்குத் திருக்கரம், மதியம் சமையற்காரர்களுக்குத் திருவடி. மாளிகை ஊழியர்களில் முன்பல் முழுசாக இருப்பவர் யார் என்று பார்த்தே புதிதாக வந்தவர்களை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

விழாவுக்கு முதலாம் இளவரசர் காலத்து நாயோட்டத்தை மறுபடி நடத்துவதென்று முடிவாயிற்று. கயிறு கட்டிய வட்டத்துக்குள் வெள்ளை நாயை ஓடவிட்டு, குதிரைமேலிருந்து மழுங்கிய அம்பால் அடிப்பது. இதில் ஒரு சிக்கல் வந்தது. அந்த வட்டத்துக்குள் அரச ரத்தத்தின் முன்னால் அரசு கொடுத்த பட்டமோ பதக்கமோ இல்லாத எவரும் நேராக வரக்கூடாது என்று விதி. பழைய காலத்தில் நாய்க்கே ஒரு பட்டம் கொடுத்துவிடுவார்களாம். இப்போது நாய்க்குப் பட்டம் கேட்டு அனுப்பிய கோப்பு, ‘விண்ணப்பதாரரின் கையொப்பம் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மூன்று நாள் ஆலோசனை நடந்தது. நாலாம் நாள் பாரன் இவாமட்சு குதிரைலாயத்துக்குப் போனார்.

குதிரைக்காரன் கிசபுரோவிடம் எட்டாந்தரப் பதக்கம் ஒன்று இருந்தது. ருஷ்யப் போரில் காயம்பட்ட கேப்டனை இரண்டு கல் தூரம் முதுகில் சுமந்துவந்ததற்காகக் கொடுத்தது. ஐம்பத்தோரு வயது, வளைந்த கால், நல்ல சிரிப்பு.

“நாயா ஓடணுமா? ஓடிட்டாப் போச்சு” என்றான் கிசபுரோ. “கட்டை அம்புதானேங்க? போன மாசம் அய்யா என்னைச் சவுக்கால அடிச்சதைவிடவா வலிக்கப்போகுது?”

அவனுக்கு வெள்ளை ஆட்டுத்தோல் போர்த்தினார்கள். சமையலறையில் மீன் வெட்டும் அவன் பெண்டாட்டி ஷிகே வாசலில் நின்று, “வாலைக் காணோமே!” என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். கிசபுரோ அவளைப் பார்த்துக் குரைத்தான்.

ஒத்திகை நாளன்று மொரோதகாவுக்குக் கட்டை அம்பு பிடிக்கவில்லை. மழுங்கல் மங்கலமல்ல என்றார். இரும்பு முனை பொருத்தினார்கள். மூன்றாவது சுற்றில் அம்பு கிசபுரோவின் கழுத்தில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நாலு விரல் வெளியே வந்தது.

அவன் உடனே சாகவில்லை. மணலில் மண்டியிட்டு, அம்பைப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்தான். வட்டத்துக்குள் மருத்துவர் போகமுடியவில்லை. அவருக்குப் பதக்கம் இல்லை. அம்பைப் பிடுங்கவும் முடியவில்லை. இளவரசர் எய்த அம்பை அவர் உத்தரவில்லாமல் தொடக்கூடாது. இளவரசரோ அதற்குள் குளிக்கப் போய்விட்டார். கயிற்றைத் தாண்டப்போன ஷிகேயை இரண்டு காவலர்கள் தரையோடு அழுத்திப் பிடித்தார்கள். அவள் ஒருவனின் கட்டைவிரலைக் கடித்துத் துப்பினாள். குளியல் முடிந்து உத்தரவு வந்தபோது கிசபுரோவின் ரத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

தெய்சோ பார்த்துக்கொண்டே நின்றார். கையில் எழுதுகோல் இருந்தது. மைதான் சொட்டியது.

பாரன் எல்லோரையும் கூட்டிச் சொன்னார்: “விழா மாசத்துல இந்த மாளிகைக்குள்ள சாவு கிடையாது. தீட்டு. ஆகவே கிசபுரோ சாகலை. வெளியே போறான். வெளியே போனதுக்கப்புறம் அவன் என்ன செஞ்சாலும் அது அவன் சொந்த விஷயம்.”

பிணத்துக்குத் தொப்பி வைத்து, கழுத்தில் துண்டு சுற்றி, கைவண்டியில் உட்காரவைத்துத் தள்ளினார்கள். வாசற்காவலன் விதிப்படி பெயரைக் கேட்டான். பதில் வரவில்லை. விதிப்படி இன்னொரு தடவை கேட்டான். பிறகு விதிப்படி ஓங்கி ஓர் அறை விட்டான். தொப்பி சாலையில் உருண்டது. மருத்துவர் முதுமை என்று சான்றிதழ் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் தெய்சோவின் எழுத்தறைக்கு ஷிகே வந்தாள். மீன் கத்தி இடுப்பிலேயே இருந்தது. நெற்றியில் மணல் உரசிய காயம் காய்ந்து கறுத்திருந்தது.

“வாத்தியாரய்யா, இன்னைக்கு என்ன எழுதுனீங்க?”

“ஒத்திகை நல்லபடி நடந்ததுன்னு…”

“எம்புருசன்?”

தெய்சோ எழுதிய தாளைத் திருப்பி வைத்தார்.

“நான் காசு கேக்கல. அழவும் வரல. எம்புருசன் கழுத்துல அம்பு பாஞ்சு செத்தான், எய்தவன் இன்னார்னு ஒரு வரி. முந்நூறு வருசத்துக் கதையும் எழுதுறீங்க. இதை எழுத மை இல்லையா?”

“எழுதினா என்னைக் கொன்னுடுவாங்கம்மா.”

“எழுதாட்டி?” என்றாள் ஷிகே. “எழுதாம இருந்த எம்புருசனை விட்டாங்களா?”

அவள் போய்விட்டாள். ஊரில் கரை உடைந்தபோது செத்த எண்பது பேரின் பெயரும் அவருக்குத் தெரியும். அவர் புத்தகத்தில் ஒரு பெயரும் இல்லை. சாயங்காலம் புதுத் தாள் எடுத்து, முதலாம் இளவரசரிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

விழா நாளன்று பெரிய மண்டபம் நிறைந்திருந்தது. இதேபோல முந்நூறு வருஷம் யாரும் கூப்பிடாமல் இருந்த மற்றக் கிளைக் குடும்பத்தார், அமைச்சக அதிகாரிகள், தளபதிகள். எல்லோர் முன்னாலும் சுட்ட செம்மீன். தெய்சோ நாற்பத்தைந்து பாகை குனிந்து எழுந்து, சுருளைப் பிரித்து வாசித்தார்.

மரியாதைச் சொல் ஒன்றையும் அவர் விடவில்லை. ஈரக் காகிதம் எத்தனை தாள் என்பதையும் விடவில்லை. கவியரங்கில் தலை எந்தப் பக்கம் உருண்டது, ஈரல் எந்தப் பாத்திரத்தில் வந்தது, எல்லாம் இருந்தது. கடைசியில் இப்படி வாசித்தார்: “பத்தாம் இளவரசர் மொரோதகா, ருஷ்யப் போரில் பதக்கம் பெற்றவரும் குதிரைக்காரருமான கிசபுரோவின் கழுத்தில் இரும்பு அம்பை எய்து விடைகொடுத்தருளினார். கிசபுரோ மண்டியிட்டபடி அரைமணி நேரம் உயிரோடிருந்தார். யாரும் கிட்டே போகவில்லை.”

பாரன் இவாமட்சு விசிறியைப் பிடித்தபடி எழுந்தார். தெய்சோ கண்ணை மூடிக்கொண்டார்.

அடி விழவில்லை. ஷிரானுமா கிளையின் கிழ இளவரசரின் குரல்தான் முதலில் கேட்டது.

“இது ஒரு கணக்கா? ஆறு பேர்! எங்க வீட்டு மூணாமவர் ஒரே காலையில மாமனார் வீட்டையே முடிச்சார். அதை யாராவது எழுதினாங்களா?”

“மாமனார் வீடு சேராதுய்யா!” என்று கத்தினார் இன்னொரு கிளைக்காரர். “அவங்களுக்கு அரச ரத்தம் கிடையாது. எங்க வீட்டுல அஞ்சும் சுத்தமான ரத்தம்!”

“உங்க அஞ்சுல ரெண்டு தானாச் செத்தது!”

கிழ இளவரசர் செம்மீன் தட்டைத் தூக்கி அடித்தார். அது ஒரு தளபதியின் மூக்கில் பட்டு உடைந்தது. விழா வாள்கள் மழுங்கலாக இருக்கவேண்டும் என்பது விதி. அதை அன்றைக்கு யாரும் கடைப்பிடித்திருக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. பாரன் இவாமட்சு நடுவில் போய் மரியாதை, மரியாதை என்று கூவினார். அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் விசிறியோடு போயின. சோற்றுக் கிண்ணத்தில் ஒரு காது விழுந்தது. அது எந்தக் குடும்பத்துக் காது, எந்தத் துணியில் சுற்றி எடுப்பது முறை என்று இரண்டு அதிகாரிகள் மேசைக்கடியில் தவழ்ந்தபடி வாதாடினார்கள்.

மொரோதகா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் நீர் வந்திருந்தது.

“முரோய்” என்றார். “அம்பத்திரண்டு வருஷத்துல என்னைப் பத்தி ஒருத்தன் எழுதினது இதான் முதல் தடவை. கழுத்துல தச்சதுன்னு எழுதினே பாரு, அந்த இடம்! முந்நூறு பிரதி அடிக்கச் சொல்லு. பட்டு அட்டை.” பிறகு அன்போடு சொன்னார்: “நாளைக்கு நீ ஓடு.”

மறுநாள் காலை தெய்சோவுக்கு எட்டாந்தரப் பதக்கம் கிடைத்தது. அதே ஆட்டுத்தோல்தான். கழுத்துப் பக்கம் துவைத்திருந்தார்கள்.

முதல் அம்பு தொடையைச் சீவிக்கொண்டு போனது. தெய்சோ அதுவரை தன் வாழ்நாளில் ஓடியதே இல்லை. இரண்டாவது அம்பு இடது தோளில் தைத்து நின்றது. வலியைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. இவ்வளவு எழுதியபிறகுமா என்று நினைத்தார். கயிற்றுக்கு வெளியே கட்டுப்போட்ட தலைகளும் கைகளுமாக விருந்தினர் உட்கார்ந்திருந்தார்கள். சமையலறைப் பக்கமிருந்து ஒரு குரல் பாய்ந்து வந்தது.

“வாத்தியாரே! விலகி ஓடாதீங்க! குதிரைக்கு அடியில பூருங்க! அது எம்புருசன் வளர்த்த குதிரை, மிதிக்காது! கடிங்க!”

தெய்சோ திரும்பினார். மொரோதகா மூன்றாவது அம்பை வில்லில் பூட்டிக்கொண்டிருந்தார். தெய்சோ நேராகக் குதிரையின் வயிற்றுக்கடியில் புகுந்து, அதன் பின்னங்காலைப் பிடித்து, பள்ளிக்கூடத்திலும் மாளிகையிலும் இருபது வருஷமாகக் கடித்துக்கொண்டிருந்த பற்களையெல்லாம் அதில் பதித்தார். குதிரை நெட்டுக்குத்தாக நிமிர்ந்தது. மொரோதகா பின்பக்கமாக விழுந்தார். முதுகில் தொங்கிய அம்புக்கூட்டின்மேலேயே விழுந்தார். அதில் இருந்தவை அனைத்தும் இரும்பு முனை.

அவரும் உடனே சாகவில்லை. இளவரசரின் உடம்பை மூன்றாம் படிக்குக் குறைந்த பட்டக்காரர் தொடக்கூடாது. மூன்றாம் படிக்காரர் நால்வர் இருந்தார்கள். நால்வரும் முந்தைய நாள் விருந்தில் வெட்டுப்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ரத்தம் சிந்தும் கையோடு பாரன் இவாமட்சு தொலைபேசிக்கு ஓடினார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரைக் கட்டிலோடு தூக்கிவந்து வட்டத்துக்குள் இறக்கியபோது, அவர் எட்டித் தொடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மொரோதகாவின் விழித்த கண்ணில் ஈ உட்கார்ந்தது. ஈயை விரட்டவும் பட்டம் வேண்டியிருந்தது.

தெய்சோவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் எட்டு நாள் அடித்தது. இரண்டு நகமும் நாலு பல்லும் போயின. அரச குடும்பத்தாருக்குத் தீங்கு செய்தால் தூக்கு. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. குற்றப்பத்திரிகை எழுத உட்கார்ந்தபோதுதான் முட்டியது. ‘எதிரி அவ்விடத்தில் என்ன செய்துகொண்டிருந்தான்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதினாலும் மேன்மை தங்கிய வம்சம் மனிதரை நாயாக ஓடவிட்டது என்று ஆகிவிடும். அமைச்சகம் ஒன்பது நாள் கூடிப் பேசியது. கடைசியில் முத்திரை குத்திய தாள் ஒன்றோடு ஓர் அதிகாரி சிறைக்கு வந்தார்.

“இங்க கையெழுத்துப் போடு.”

தெய்சோ வீங்காத கண்ணால் படித்தார். ‘அன்றைய தினம் வட்டத்துக்குள் இருந்தது நாய். மேற்படி நாய் அன்றே சுட்டுக் கொல்லப்பட்டது.’

“ஐயா, செத்த நாய் எப்படிக் கையெழுத்துப் போடும்?”

அதிகாரி யோசித்தார். இது நியாயமான கேள்வி என்று அவருக்கே பட்டது. ஓர் அறை விட்டுவிட்டு, “சரி, கால்ரேகை வை” என்றார்.

வரலாற்றின் முந்நூறு பிரதிகளையும் அச்சகத்திலேயே எரித்தார்கள். இளவரசரின் குதிரை இடறிற்று என்று பத்திரிகைகள் எழுதின. மொரோதகாவின் தம்பி பதினொன்றாம் இளவரசரானார். அண்ணன் தானாகவே போய்விட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்று மாளிகையில் பேசிக்கொண்டார்கள்.

தெய்சோ அந்தத் தாளின் முத்திரை குத்திய நகலோடு வெளியே வந்தபோது சிறைவாசலில் ஷிகே நின்றிருந்தாள். கிசபுரோவின் சாம்பல் மெகுரோ பக்கம் ஒரு சின்னக் கோயில் இடுகாட்டில் இருந்தது. கல்தச்சன் வாசகத்தைக் கேட்டுவிட்டுக் கடையையே மூடிவிட்டான். தெய்சோ உளி வாங்கித் தானே செதுக்கினார். இடது தோள் தூக்கவில்லை. பத்து நாள் பிடித்தது. ‘கிசபுரோ, குதிரைக்காரன். இவனை அம்பெய்து கொன்றவன் கசுமினோ மொரோதகா.’ அவர் கையெழுத்து அழகென்று ஊரில் பெயர். கல்லில் அது கோணலாகத்தான் வந்தது.

கல்லை நட்ட மூன்றாம் நாள் ஒரு துப்பறியும் போலீஸ்காரர் வந்தார். கல்லைப் படித்தார். முகம் வெளுத்தது.

“எவன்டா இதைச் செதுக்கினது?”

“நான்தாங்க” என்று தெய்சோ சிறையில் கொடுத்த தாளை நீட்டினார். அதையும் அவர் படித்தார். திருப்பி முத்திரையைப் பார்த்தார். கைது செய்ய ஆளில்லை. ஆனால் செத்த நாயை அடிக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆகவே அடித்தார். பூட்ஸ் காலால் விலாவில், பிறகு முகத்தில். ஷிகே குறுக்கே பாய்ந்தாள். அவளுக்கும் விழுந்தது. கடைசியில் அவர் மூச்சு வாங்கியபடி நின்று, கல்லை உடைக்கக் காலைத் தூக்கினார்.

தூக்கியவர் இறக்கிவிட்டார். இடுகாட்டுக் கல்லில் கைவைக்க மேலிடத்து உத்தரவு வேண்டும். உத்தரவு வாங்க அறிக்கை எழுதவேண்டும். அறிக்கையில் வாசகத்தை அப்படியே எழுதவேண்டும். குறிப்பேட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, எழுத ஆரம்பித்தார். கிசபுரோ, குதிரைக்காரன். இவனை. அம்பெய்து. கொன்றவன். கசுமினோ.

பென்சில் நின்றது. எழுதியதைப் படித்துப் பார்த்தார். அது அவருடைய கையெழுத்தில் இருந்தது. சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்து, நாலாக மடித்து, வாயில் போட்டு மென்றார். காகிதம் தடிமனாக இருந்தது. தொண்டையில் சிக்கிக் கண்ணில் நீர் வந்தது.

ஷிகே உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள். கல்லைக் கழுவக் கொண்டுவந்த வாளியிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் மொண்டு போலீஸ்காரரிடம் நீட்டினாள்.

“இந்தாங்கய்யா, குடிங்க” என்றாள். “முழுங்கிட்டு மெதுவா வாங்க. கல்லு இங்கதான் இருக்கும்.”